பயிற்சியில் எரிச்சலும் விரக்தியும் வரும்போது: தடகளத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தடகளத்தில் முதல் சில மாதங்கள் சுகமாகப் போகும். எதைச் செய்தாலும் டைமிங் குறையும், தாண்டும் தூரம் கூடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். டைமிங் நின்ற இடத்திலேயே நிற்கும். கூட ஓடுகிறவர் முந்திப் போவார். கோச் சொல்வது தலைக்குப் புரியும், கால் கேட்காது. ஒரு நாள் ஸ்பைக்ஸைக் கழற்றி வீசிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். திறமையுள்ள பிள்ளைகள் பலர் கிரவுண்டை விட்டுப் போவது இந்தக் கட்டத்தில்தான். அவர்களில் பலருக்கு யாராவது நேரத்தில் வழி சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டார்கள்.

எரிச்சல் வந்தவுடன் "எனக்கு மனத்திடம் இல்லை" என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. காரணம் பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும்: தூக்கக் குறைவு, போதாத சாப்பாடு, கூடிப்போன பயிற்சி அளவு, தப்பாக வைத்த இலக்கு. அதைச் சரிசெய்யாமல் மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தால் எரிச்சல் மறுநாளே திரும்பி வரும். அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். முதலில் அந்த நொடியைச் சமாளிப்பது, பிறகு காரணத்தைத் தேடுவது.

கோபம் தலைக்கேறிய அந்த இரண்டு நிமிடம்

ஒரு ரெப் (பயிற்சியில் ஒரு தடவை ஓடுவது) மோசமாகப் போனது, அல்லது நீளம் தாண்டுதலில் மூன்றாவது தடவையும் கால் கோட்டைத் தாண்டி ஃபவுல். இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் நடங்கள். ட்ராக்கை விட்டு 20, 30 மீட்டர் தள்ளிப் போங்கள். யாரிடமும் பேச வேண்டாம். கோன்களை உதைப்பது, பாட்டிலை எறிவது எதுவும் வேண்டாம். அடித்து நொறுக்கினால் கோபம் வடிந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியிருந்தது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள்.

ஓடி முடித்த உடனே மெதுவாக மூச்சுவிட முயலாதீர்கள். புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். 200 மீட்டர் ஓடியவரின் உடம்பு காற்றுக்குத் தவிக்கிறது. அப்போது மூச்சை அடக்கினால் தலை சுற்றும், பதற்றம் கூடும், "இது எனக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுவார்கள். 60 முதல் 90 நொடி சும்மா நடந்து, மூச்சு தானாகக் கொஞ்சம் இறங்கட்டும்.

பிறகு மூக்கால் ஆழமாக ஒரு மூச்சு இழுங்கள். அதை விடாமல் அதன் மேலேயே குட்டியாக இன்னொரு இழுப்பு. அப்புறம் வாயால் மெதுவாக, முழுவதுமாக விடுங்கள். இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் விட வேண்டும். மூன்று தடவை போதும். மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு இறங்கும். இது வேலை செய்வதற்குக் காரணம் அதுதான்.

அடுத்து, நடந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள், தீர்ப்பு இல்லாமல். "நான் வேஸ்ட்" என்பது தீர்ப்பு. "கடைசி 50 மீட்டரில் தோள் இறுகிப்போச்சு" என்பது நடந்தது. தீர்ப்பை வைத்து அடுத்த ரெப்பில் எதையும் மாற்ற முடியாது, நடந்ததை வைத்து மாற்றலாம்.

கடைசியாக, அடுத்த ரெப்புக்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டுக்கு "தள்ளு". 400 மீட்டரின் கடைசி நேர்கோட்டில் "கை, கை". தோள் இறுகுகிறவருக்கு "லூஸ்". அந்தச் சொல் செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும். "ஃபவுல் ஆகக் கூடாது" என்று நினைத்துக்கொண்டு ஓடினால் கண் போர்டுக்கு, அதாவது கால் ஊன்றித் தாண்டும் பலகைக்குப் போகும், கால் தடுமாறும். ஒரே நேரத்தில் நான்கு திருத்தங்களை மனதில் வைத்து ஓடுவதும் ஆகாது. ஏற்கெனவே கைவந்த அசைவைத் துண்டு துண்டாக யோசித்துச் செய்தால் அது குலைந்துபோகும்.

இந்த மூச்சுமுறையைக் கோபம் வந்த நாளில் முதல் தடவையாக முயன்றால் வேலை செய்யாது. தினமும் அமைதியான நேரத்தில், படுக்கும் முன்போ வார்ம்-அப்புக்கு முன்போ, 5 நிமிடம் பழகுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் உடம்புக்குப் பிடிபடும். விரல்நுனி மரத்துப்போனால் அல்லது தலை லேசாகச் சுற்றினால் நீங்கள் வேகமாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சுவிடுங்கள்.

ஒரு ஃபவுல் எப்படி நான்கு ஃபவுல் ஆகிறது

நீளம் தாண்டுதலில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 14 காலடி எடுத்து ஓடுகிற ஒருவர் 10 சென்டிமீட்டர் ஃபவுல் ஆகிறார். எரிச்சலோடு திரும்பி நடந்து, மூச்சு ஆறுவதற்கு முன்பே அடுத்த ரன்-அப்பைத் தொடங்குகிறார். கோபத்தில் முதல் நான்கு அடிகளைப் பலமாகத் தள்ளுகிறார். ஒவ்வோர் அடியும் 3 சென்டிமீட்டர் நீண்டால் போதும், 14 அடியில் 42 சென்டிமீட்டர். கால் போர்டைத் தாண்டி வெகுதூரம் போகிறது. மூன்றாவது முயற்சியில் பயம் வந்துவிடுகிறது. போர்டையே பார்த்துக்கொண்டு ஓடி, கடைசி மூன்று அடிகளைக் குறுக்கி, வேகம் செத்து, போர்டுக்கு அரை மீட்டர் பின்னாலிருந்து தாண்டுகிறார். "இன்னைக்கு எனக்கு நாளே சரியில்லை" என்கிறார். உண்மையில் கெட்டுப்போனது ரன்-அப், அதைக் கெடுத்தது அவசரம்.

இதை உடைக்கும் வழி: தாண்டுவதை நிறுத்திவிட்டு மூன்று ரன்-அப் மட்டும் ஓடுங்கள், குழியில் இறங்க வேண்டாம். போர்டுக்குக் கடைசி நான்கு காலடி இருக்கும் இடத்தில் ஒரு நண்பரை நிறுத்தி, கால் எங்கே விழுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயே கால் முன்னால் விழுந்தால் தப்பு தொடக்கத்தில். அங்கே சரியாக விழுந்து போர்டில் மட்டும் கால் கோட்டைக் கடந்தால், கடைசி அடிகளை எட்டிப்போட்டு நீட்டுகிறீர்கள். தொடக்கத் தப்பு என்றால், அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் ஒரே அளவு விலகல் தெரிந்த பிறகே தொடக்க அடையாளத்தைப் பின்னால் நகர்த்துங்கள். ஒரே ஓட்டத்தை நம்பி நகர்த்துகிறவர்கள் மாலை முழுக்க டேப்பும் கையுமாகத்தான் நிற்பார்கள். பின்காற்று வீசினால் அடி நீளும், எதிர்காற்றில் குறுகும். கடற்கரைப் பக்கத்து கிரவுண்டுகளில் மாலைக் காற்றுக்கு இதையும் கணக்கில் எடுங்கள்.

இப்படி அளக்க ஆரம்பித்ததுமே கோபம் பாதி அடங்கும். கைக்கும் கண்ணுக்கும் ஒரு வேலை கிடைத்துவிடுகிறது.

அன்றைய பயிற்சியை எப்போது நிறுத்துவது

"விடாதே, முடிச்சிட்டுப் போ" என்பது எல்லா நாளும் சரியான அறிவுரை ஆகாது. பயிற்சி தொடங்கும் முன்பே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கோபத்தில் இருக்கும்போது எடுக்கும் முடிவு எப்போதும் "இன்னும் ஒண்ணு" என்பதாகத்தான் இருக்கும். உதாரணத்துக்கு 6 தடவை 200 மீட்டர், ஒவ்வொன்றும் 28 நொடி, இடையில் 3 நிமிடம் ஓய்வு என்று வைப்போம். ஒரு ரெப் 29 நொடியைத் தாண்டினால் அடுத்ததற்கு முன் ஓய்வை 5 நிமிடமாக்குங்கள். அதுவும் 29ஐத் தாண்டினால் அன்றைய வேகப் பயிற்சி முடிந்தது. அதற்கு மேல் ஓடுவது களைத்த உடம்புக்குத் தப்பான ஓட்டத்தைக் கற்றுக்கொடுப்பதுதான். தொடைப் பின்தசை பிடித்துக்கொள்வதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட "கடைசி ஒண்ணு"இல்தான்.

நிறுத்துவது என்றால் அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு போவது அல்ல. உங்களால் சுலபமாகச் செய்ய முடிந்த ஒன்றோடு முடியுங்கள்: 60 மீட்டர், 70 சதவீத வேகத்தில், தளர்வாக இரண்டு ஓட்டம். பிறகு 10 நிமிடம் மெதுவான ஜாகிங்.

சில நேரம் நிறுத்துவதற்குப் பதிலாகக் கடினத்தைக் குறைப்பது நல்ல வழி. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸுக்குக் காற்றில் சுழலும்போது உடம்பு எந்தத் திசையில் இருக்கிறது என்ற உணர்வே போய்விட்டது. அந்த நிலையில் போட்டியிடுவது ஆபத்து என்று விலகினார். சில நாள் கழித்து பேலன்ஸ் பீமில், முறுக்கு இல்லாத இறங்குமுறைக்கு மாற்றிக்கொண்டு வெண்கலம் வென்றார். 2024 பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும். உங்கள் கிரவுண்டுக்கு இதைக் கொண்டுவந்தால்: ஹர்டில்ஸில் பயம் வந்துவிட்டதா? உயரத்தைக் குறையுங்கள், ஐந்து தடையை மூன்றாக்குங்கள். பயத்தோடு அதே உயரத்தை இருபது தடவை தாண்ட முயன்றால் பயம்தான் பழகும்.

டைமிங் உங்களை ஏமாற்றும் விதம்

புதியவர்களின் விரக்தியில் பெரிய பங்கு ஸ்டாப்வாட்சால் வருகிறது. கிரவுண்டில் நண்பர் போனில் எடுத்த 100 மீட்டர் 11.3 நொடி. மாவட்டப் போட்டியில் எலக்ட்ரானிக் டைமிங் 11.55. பையன் உடைந்துபோகிறான், "போட்டின்னா சொதப்பிடுறேன்" என்று நம்பத் தொடங்குகிறான். ஆனால் கையால் எடுக்கும் நேரத்துக்கும் எலக்ட்ரானிக் நேரத்துக்கும் 100, 200 மீட்டரில் 0.24 நொடியும், 400 மீட்டரில் 0.14 நொடியும் வித்தியாசம் என்பது தடகளத்தில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. அந்தப் பையன் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் ஓடியிருக்கிறான். சொதப்பவே இல்லை.

மண் ட்ராக்கில் ஓடியதைச் சிந்தெடிக் ட்ராக்கோடு ஒப்பிடாதீர்கள். மே மாத மதியத்தை டிசம்பர் காலையோடு ஒப்பிடாதீர்கள். எதிர்காற்றில் ஓடியதைப் பின்காற்றில் ஓடியதோடு ஒப்பிடாதீர்கள். நோட்டில் டைமிங் எழுதும்போது பக்கத்திலேயே ட்ராக், நேரம், காற்று, யார் கையில் வாட்ச் என்று எழுதுங்கள். ஒரே ட்ராக், ஒரே நேரம், ஒரே ஆள், நான்கு வாரத்துக்கு ஒரு தடவை. வளர்ச்சியை அளக்க இது போதும். தினமும் முழு வேகத்தில் ஓடி டைமிங் பார்ப்பவர் தினமும் தன்னைப் பரீட்சைக்கு உட்கார வைக்கிறார், படிக்க நேரமே இல்லை.

வளர்ச்சி நேர்கோட்டில் வராது என்பதற்கு ஈட்டி எறியும் நீரஜ் சோப்ரா நல்ல சாட்சி. 2022 ஜூனில் ஸ்டாக்ஹோமில் அவர் எறிந்தது 89.94 மீட்டர். 90 மீட்டருக்கு 6 சென்டிமீட்டர்தான் பாக்கி. அதைத் தாண்ட 2025 மே வரை ஆனது, தோஹாவில் 90.23. கிட்டத்தட்ட மூன்று வருடம். அந்த இடைவெளியில் ஒவ்வொரு போட்டியிலும் "90 எப்போது?" என்றுதான் கேட்டார்கள். ஆனால் 2023 உலகச் சாம்பியன்ஷிப் தங்கம் 88.17 மீட்டருக்கு வந்தது, 2024 பாரிஸ் ஒலிம்பிக் வெள்ளி 89.45க்கு வந்தது. அந்த ஒற்றை எண்ணை வைத்து மட்டும் அவரை அளந்தால் அந்த மூன்று வருடமும் தோல்வி என்றாகிவிடும்.

ஆகவே இலக்கை மூன்று அடுக்காக வையுங்கள். வருடத்துக்கு ஒரு டைமிங். மாதத்துக்கு ஒரு திறன், உதாரணமாக ஸ்டார்ட்டிங் பிளாக்கிலிருந்து முதல் மூன்று காலடியில் தலை நிமிராமல் வருவது. அன்றைக்கு உங்கள் கையில் முழுக்க இருக்கும் ஒன்று: "எல்லா ரெப்பிலும் கோட்டைத் தாண்டி 5 மீட்டர் வரை வேகம் குறைக்க மாட்டேன்." மோசமான நாளிலும் மூன்றாவதை நிறைவேற்ற முடியும், அந்த நாளும் வீணாகாது.

ஒரு நோட்டு, தினமும் 3 நிமிடம்

40 பக்க நோட்டு போதும். காலையில் எழுந்ததும் நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண்: தூக்கம் எப்படி, களைப்பு எவ்வளவு, மன அழுத்தம் எவ்வளவு, தசைவலி எவ்வளவு. 1 என்றால் மிக நன்று, 7 என்றால் மிக மோசம். கூட்டினால் 4இலிருந்து 28க்குள் வரும். ஹூப்பர் அளவீடு என்ற பெயரில் விளையாட்டுக் குழுக்கள் 1990களிலிருந்து பயன்படுத்தும் எளிய முறை இது. முதல் மூன்று வாரம் சும்மா எழுதி உங்கள் வழக்கமான எண்ணைக் கண்டுபிடியுங்கள். சிலருக்கு 9, சிலருக்கு 13. பக்கத்து ஆளோடு ஒப்பிடுவதில் பயன் இல்லை. உங்கள் வழக்கத்தைவிட 4, 5 கூடுதலாக மூன்று நாள் தொடர்ந்தால் கோச்சிடம் சொல்லுங்கள்.

பயிற்சி முடிந்து அரைமணி கழித்து, மொத்தப் பயிற்சியும் எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை ஒரு எண் போடுங்கள். அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 75 நிமிடம், கடினம் 6 என்றால் 450. இது விளையாட்டு அறிவியலாளர் கார்ல் ஃபாஸ்டர் வகுத்த முறை. ஒரு வாரத்தை எடுத்துப் பார்ப்போம்: திங்கள் 450, செவ்வாய் 240, புதன் 720, வியாழன் 120, வெள்ளி 525, சனி 630, ஞாயிறு ஓய்வு. மொத்தம் 2,685. புதியவர்கள் இந்த மொத்தத்தை ஒரே வாரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாமல் இருப்பது பாதுகாப்பு. மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். மேலே உள்ள வாரத்தில் 720க்கு அடுத்த நாள் 120 இருப்பதைக் கவனியுங்கள். எல்லா நாளும் 450 என்று ஒரே மாதிரி ஓடுவது உடம்பையும் மனதையும் சீக்கிரம் சலிக்க வைக்கும். கடின நாள் கடினமாகவே இருக்கட்டும், லேசான நாள் உண்மையிலேயே லேசாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதையும் நினைவிலிருந்து நிரப்பினால் அந்த எண்களுக்கு மதிப்பு இல்லை. இன்னொரு கோளாறு பொய் எண். "7 போட்டால் டீமில் எடுக்க மாட்டார்" என்று பயந்து பிள்ளைகள் 3 போடுவார்கள். கோச்சுகளுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த எண்களைத் தேர்வுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒரு தடவை பயன்படுத்தினால் பிறகு யாரும் உண்மை எழுத மாட்டார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் "இப்படி நடந்தால், இதைச் செய்வேன்" என்று மூன்று வரி எழுதி வையுங்கள். "நான்காவது ரெப்பில் டைமிங் விழுந்தால், அடுத்ததில் தோளை மட்டும் கவனிப்பேன்." "கோச் எல்லார் முன்னாலும் திட்டினால், தலையாட்டிவிட்டு அந்த ரெப்பை முடிப்பேன், பேச்சைப் பயிற்சிக்குப் பிறகு வைத்துக்கொள்வேன்." முன்பே முடிவெடுத்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை, தானாக வரும். வாரம் ஒருமுறை படித்துப் பார்த்து, வேலை செய்யாத வரியை மாற்றுங்கள்.

உடம்பிலிருந்து வரும் எரிச்சல்

தூக்கம்தான் முதலில். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. காலை 5.30 மணிக்கு கிரவுண்டில் நிற்பவர் 5 மணிக்கு எழ வேண்டும், அப்படியானால் 9 மணிக்குள் படுத்திருக்க வேண்டும். டியூஷன் முடிந்து வீட்டுக்கு வரவே 9 ஆகிறது என்றால், வாரத்தின் இரண்டு கடினப் பயிற்சிகளையாவது மாலைக்கு மாற்ற முடியுமா என்று கோச்சிடம் கேளுங்கள். விடுமுறை நாளில் மதியம் 20, 30 நிமிடத் தூக்கம் நல்லது, 3 மணிக்கு முன்பாக.

சாப்பாடு. வெறும் வயிற்றில் ஓடினால்தான் உடம்பு இறுகும் என்ற பேச்சை நம்பாதீர்கள். கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம் அல்லது மூன்று பேரீச்சம்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் இட்லியோ பொங்கலோ, கூடவே முட்டை அல்லது சுண்டல். பயிற்சிக்கு ஏற்ற அளவு சாப்பிடாமல் நாள்கணக்கில் போனால் எரிச்சல், மனச்சோர்வு, கவனக்குறைவு, எலும்பில் விரிசல் என்று வரிசையாக வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இலேயே இதைத் தனி உடல்நலப் பிரச்சினையாக அறிவித்து எச்சரித்திருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் அதைக் "கடுமையாகப் பயிற்சி செய்கிறாள்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டாக்டரைப் பார்க்க வேண்டும். மாதவிலக்குத் தேதியையும் நோட்டில் குறித்துவந்தால், எந்த நாட்களில் மனநிலை இறங்குகிறது என்று இரண்டு மூன்று மாதத்தில் தெரிந்துவிடும், கடினப் பயிற்சியை அதற்கேற்ப நகர்த்தலாம்.

இரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது இருக்கிறது. மூச்சு வாங்குகிறது, கால் கனக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம், அதனால்தான் இரண்டும். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

தண்ணீர்: பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது, அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ சேர்த்து.

தலைக்களைப்பும் கால்களைப் பாதிக்கும். சாமுவேல் மார்கோரா குழுவினர் 2009இல் வெளியிட்ட சோதனையில், 90 நிமிடம் கவனத்தைக் கசக்கும் கணினி வேலை செய்துவிட்டு சைக்கிள் மிதித்தவர்கள், ஓய்வாக வீடியோ பார்த்துவிட்டு மிதித்தவர்களைவிடச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். இதயமும் தசையும் அதேதான், வேலை கடினமாகத் தோன்றியதுதான் வித்தியாசம். பிளஸ் டூ தேர்வு மாதத்தில் ஓட்டம் மோசமாவது சோம்பேறித்தனம் இல்லை. அந்த மாதம் பயிற்சியின் நீளத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு முந்தைய ஒரு மணி நேரம் போன் பையிலேயே இருக்கட்டும், முக்கியமாகப் போட்டியாளர்களின் வீடியோக்கள்.

கோச்சும் வீடும்

கோச் திட்டியதால் வரும் வருத்தத்தை மூன்று வாரம் உள்ளே வைத்திருந்து ஒரு நாள் வெடிப்பதைவிட ஐந்து நிமிடம் பேசுவது மேல். பயிற்சி நடுவில் வேண்டாம், மற்றவர்கள் முன்னாலும் வேண்டாம். எல்லோரும் போன பிறகு: "சார், அஞ்சு நிமிஷம் பேசலாமா? மூணு வாரமா ஸ்டார்ட்ல இடது கால் வழுக்குது. நான் என்ன மாத்தணும்னு சொல்லுங்க சார். எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டா எனக்கு அன்னைக்கு முழுக்க ஓட வரமாட்டேங்குது." குறிப்பான பிரச்சினை, உதவி கேட்பது, உங்களுக்கு என்ன ஆகிறது என்பது. இவ்வளவுதான். பல கோச்சுகள் இதைக் கேட்டுக்கொள்வார்கள். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் இன்னும் நல்லது.

கண்டிப்பு வேறு, கொடுமை வேறு. அடிப்பது, தண்ணீர் கொடுக்காமல் தண்டிப்பது, உடம்பைக் கேலி செய்வது, காயத்தோடு ஓட வைப்பது, தனியாக அழைத்துத் தொடுவது: இவை பயிற்சியே அல்ல, பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். வீட்டில் சொல்லுங்கள். இந்தியாவில் 18 வயதுக்குட்பட்டவர்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

பெற்றோருக்கு: பிள்ளை கிரவுண்டிலிருந்து வந்ததும் முதல் கேள்வி டைமிங்காக இருக்க வேண்டாம். "சாப்பிடுறியா?" என்று கேளுங்கள். அவர்களாகச் சொல்லும்வரை காத்திருங்கள். "அவன் 11.2 ஓடிட்டானாமே" என்ற ஒரு வரி, கோச் ஒரு மாதம் கட்டியதைக் கலைத்துவிடும்.

காயத்தில் உட்கார்ந்திருக்கும் நாட்கள்

வலியைவிட, தன் இடம் போய்விடுமோ என்ற பயம்தான் அப்போது அதிகம் வாட்டும். கிரவுண்டுக்குப் போவதை நிறுத்தாதீர்கள். வாரம் மூன்று நாளாவது போய் மற்றவர்களுக்கு வாட்ச் பிடியுங்கள், ரன்-அப் பாருங்கள். பிசியோ கொடுத்த பயிற்சிகளை நோட்டில் செட், ரெப் போட்டு எழுதுங்கள், அதுவும் பயிற்சிதான். திரும்பும்போது முதல் வாரத்தில் டைமிங் எடுக்கவே வேண்டாம்.

எப்போது வெளியே உதவி தேட வேண்டும்

எல்லாம் செய்தும் டைமிங் இறங்கிக்கொண்டே போனால், ஒரு வாரம் பயிற்சியை லேசாக்குங்கள். அதில் தெளிந்தால் அது சாதாரணக் களைப்பு. இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் தெளியவில்லை என்றால் விளையாட்டு மருத்துவரைப் பாருங்கள். அளவு மீறிய பயிற்சியால் வரும் பாதிப்பு முற்றினால் மீள மாதக்கணக்காகும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு வாரமாக மனம் கனத்தே இருக்கிறது, பிடித்த எதிலும் நாட்டமில்லை, தூக்கமோ பசியோ போய்விட்டது என்றால் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போங்கள். சாகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இந்தியாவில் 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இலங்கையில் 1926. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் செஸ் பட்டம் வென்ற குகேஷ், மனப் பயிற்சியாளர் பேடி அப்டனோடு சேர்ந்துதான் அந்தப் போட்டிக்குத் தயாரானார். உலகச் சாம்பியனுக்குத் தேவைப்பட்ட உதவியை நீங்கள் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டாக்டரிடம் போகும்போது கடைசி நான்கு வார நோட்டுப் பக்கங்கள், பழைய இரத்தப் பரிசோதனைகள், நீங்கள் எடுக்கும் பவுடர், மாத்திரை எல்லாவற்றின் பெயரும் கொண்டுபோங்கள். அவர் மருந்து எழுதும் முன், போட்டிகளில் கலந்துகொள்கிறேன், ஊக்கமருந்துப் பரிசோதனை வரலாம் என்று சொல்லிவிடுங்கள். மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் மருந்துகள் பெரும்பாலும் தடைப்பட்டியலில் இல்லை, ஆனால் கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரும் சில மருந்துகளுக்குப் போட்டிக் காலத்தில் தடை உண்டு. அதற்கு முன்அனுமதி பெற வழி இருக்கிறது, தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவிடம் விண்ணப்பிக்க டாக்டரின் சான்று வேண்டும். பட்டியலைப் பார்த்துப் பயந்து மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.